வாசலோரத்து வீடு

கொகிரா
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அவிட்டிக்கு,

உன் அண்ணி சலோமே எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் மகள் அக்கேயோவும் சுகம். பசுவுக்குத்தான் காலில் புண். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கேன்டீன் அடுப்படியில் நாள் முழுக்க நிற்காதே, ஸ்டூல் போட்டு உட்கார். மொம்பாசா சூட்டில் அடுப்பு வேறு எதற்கு என்று நினைத்துக்கொள்வேன்.

வீடு முடிந்துவிட்டது. உன் அண்ணன் போனதிலிருந்து உறவுக்கரம் நிதிக்காரர்கள்தான் எங்களைத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். முதலில் விதைச்சோளம், பிறகு பசு, பிறகு அக்கேயோவின் பள்ளிக்கூடம். இப்போது செங்கல் சுவர், தகரக் கூரை, சிமெண்ட் தரை. மழைநீர் பிடிக்கத் தொட்டிகூட வைத்திருக்கிறார்கள். என் பழைய மண்வீட்டுக்கு அதைப் பார்த்துக் கூச்சமே வந்திருக்கும்.

வேலை தொடங்கின நாளில் ஒரு கூத்து. நவம்பர் மழையில் மண் குழைந்து கிடந்ததா, செங்கல் லாரி வேலிவாசலைத் தாண்டி ஏறவில்லை. டிரைவர் இறங்கிப் பார்த்தான். "இதுக்கு மேல யார் வந்தாலும் ஏத்த முடியாதும்மா" என்று சொல்லி அங்கேயே கொட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் மேஸ்திரி வந்தார். செங்கல் எங்கே கிடந்ததோ அங்கேயே கயிறு கட்டினார். வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம். நான் கஞ்சிக் கலயத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுக்கிறவர்களிடம் இங்கே வை, அங்கே வை என்று எந்த வாயால் சொல்வது? ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். உனக்குப் புரியும்.

ஓபுயாவைப் பற்றி ஏதாவது காதில் விழுந்ததா? என் மகன் மொம்பாசா பஸ்ஸில் ஏறினதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஒரு வரி இல்லை. உன் ஊர்தானே, துறைமுகப் பக்கம் நாலு பேரிடம் கேட்டுப் பார்.

உன் சுகத்துக்கு ஜெபிக்கும்,
சலோமே


மொம்பாசா
3 மார்ச் 1996

என் அருமை அண்ணிக்கு,

அவிட்டியின் வணக்கம். நானும் என் முழங்காலும் சேர்ந்தே இருக்கிறோம், இன்னும் பிரியவில்லை. பசுவின் கால் ஆறியதா? அக்கேயோ படிக்கிறாளா, இல்லை படிப்பதுபோல் பாவனையா?

உங்கள் கடிதத்தைக் கேன்டீன் பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தகரக் கூரை, சிமெண்ட் தரை என்றதும் ஒருத்தி, "உங்க அண்ணிக்கு வேலைக்காரி வேணுமான்னு கேளு, நான் போறேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மண்வீட்டில் நீங்கள் பட்டது போதும். என்று குடிபுகுந்தீர்கள்? முதல் நாள் தூக்கம் எப்படி இருந்தது?

ஜன்னலுக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். நீலம். நான் சிவப்பைத்தான் கையில் எடுத்தேன். கூட வந்தவர், "நீலம்னாதான் பிடிக்கும்" என்று அடித்துச் சொன்னார். அதனால் நீலம்.

மொம்பாசா பெரிய ஊர் அண்ணி. யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பாசமுள்ள,
அவிட்டி


கொகிரா
14 ஏப்ரல் 1996

அன்புள்ள அவிட்டிக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். பசு நடக்கிறது. அக்கேயோ வகுப்பில் இரண்டாவது வந்தாள். முதலாவது வந்தவள் ஆசிரியரின் மகள், அதனால் இவள்தான் முதலாவது என்று இவளே சொல்லிக்கொள்கிறாள்.

நீலத் துணி வந்தது. பிரித்ததும் சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு நீலம் பிடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? உன் அண்ணனுக்கே தெரியாது. உன்கூடக் கடைக்கு வந்தவருக்கு நல்ல கை.

துணியை அந்த வீட்டு ஜன்னலில் மாட்டிவிட்டேன். ஆனால் நான் அங்கே படுப்பதில்லை. பழைய வீட்டில்தான் இருக்கிறேன். ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிதியின் கிசுமு ஆபீசிலிருந்து நெகேசா அம்மா வந்தாள். தங்கமானவள், ஆனால் நம்மவர் இல்லை, வடக்கே மலையடிவாரத்து ஆள். உள்ளே போய்ப் பார்த்தாள். அடுப்பு மூட்டின தடம் இல்லை, பாய் இல்லை, மூலையில் என் கோழி மட்டும் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா சலோமே, கோழிக்கா கட்டிக் கொடுத்தோம்?"

"அடைகாக்குதும்மா. கலைச்சா பாவம். குஞ்சு பொரிக்கட்டும்."

"பொரிச்சதும் போயிடுவீங்கல்ல?"

நான் கஞ்சி கொண்டுவரப் போய்விட்டேன். பொய் சொல்லத்தான் எனக்கு வராதே. கோழி அடைகாத்தது உண்மை. மற்றதை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளிடம் உண்மையைச் சொன்னால் லாரிக்காரனையும் மேஸ்திரியையும் குறை சொன்னதாக ஆகிவிடும். உண்ட வீட்டைக் குறை சொன்ன பாவம் எனக்கு வேண்டாம்.

ஓபுயா?

சலோமே


மொம்பாசா
20 மே 1996

என் அருமை அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் அதை எனக்கு ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. அங்கே நாற்று எப்படி?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. புரியாமல் என்ன. ஆனாலும் அண்ணி, சுவரில் சாந்து வாடை அடித்தால் அது ஒரு மாதத்தில் போய்விடும். கதவு ரோட்டைப் பார்க்கிறது என்று கூச்சமாக இருந்தால் உள்ளே ஒரு துணி கட்டிக்கொள்ளலாம், இன்னொரு நீலம் அனுப்புகிறேன். அண்ணனோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் போக மனசு வரவில்லை என்றால், அதுவும் எனக்குத் தெரியும், அவர் என் அண்ணன். ஆனால் அவரே இருந்தால், "ஏண்டி ஒழுகுற வீட்டுல கிடக்குறே?" என்றுதான் கேட்பார்.

நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அண்ணன் சாவுக்கு வந்தபோது எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தெரியாமல் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்து, அத்தனை கிழவிகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "பட்டணத்துக் கோழி" என்று ஒருத்தி சொன்னாள். அதிலிருந்து ஊர் விஷயம் எதையும் யாரிடமும் கேட்பதில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிடுவேன். சரி, அது கிடக்கட்டும்.

குஞ்சு பொரித்ததா? பொரித்திருந்தால் போய்விடுங்கள்.

அவிட்டி


கொகிரா
16 ஜூன் 1996

அன்புள்ள அவிட்டிக்கு,

உடம்பு பரவாயில்லை. மழையில் பழைய வீட்டுக் கூரை மூன்று இடத்தில் விட்டுவிட்டது. கட்டிலை அப்படியும் இப்படியும் நகர்த்தி, ஈரமில்லாத மூலையைக் கண்டுபிடித்துப் படுக்கிறோம். அக்கேயோவுக்கு இருமல். உன் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவு.

குஞ்சு பொரித்து, அவை வளர்ந்து, இரண்டைப் பருந்து கொண்டுபோயும் ஆயிற்று. நெகேசா அம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஒரு மெத்தையும் கொசுவலையும் கொண்டு வந்தாள். இரண்டையும் அவளே புது வீட்டில் விரித்து, மாட்டி, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தேன். பகலில் உட்காருவதில் தப்பில்லை. அவள் போனதும் எழுந்து வந்துவிட்டேன். பாஸ்டரும் வந்து, பேய் பிசாசு இருக்கிறது என்று நினைத்து, மூலைக்கு மூலை நின்று விரட்டிவிட்டுப் போனார். ஊருக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆபீஸ்காரர்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனக்காகத் திறக்காமல் இருக்கிறார்களா, வேடிக்கை பார்க்கத் திறக்காமல் இருக்கிறார்களா என்றுதான் தெரியவில்லை.

விஷயம் முற்றிவிட்டது. ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து பணம் கொடுக்கிறவர்களே நேரில் வருகிறார்களாம். நெகேசா அம்மா கண் கலங்கிச் சொன்னாள்.

"வீடு காலியா இருந்தா, இவங்களுக்குத் தேவையில்லைன்னு கமிட்டி எழுதிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நாலு பிள்ளைங்களோட கூரையில்லாம கிடக்கா. வீட்டை அவளுக்குக் குடுத்துடுவாங்க. உங்க பேரும் போயிடும். அக்கேயோ படிப்பும் போயிடும். என்னால தடுக்க முடியாது. ஏன் போக மாட்டேங்கறீங்கன்னு எனக்காவது சொல்லுங்க."

அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். 

ஓபுயா வந்துவிட்டால் ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடும் அவிட்டி. இல்லை, அவன் வரமாட்டான் என்றால் அதையாவது யாராவது சொல்லட்டும். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு தாய் எங்கே படுப்பது? அக்கேயோ இருமும்போது புது வீட்டுக் கதவைப் பார்க்கிறேன். பிறகு இவளைப் பார்க்கிறேன்.

உன் அண்ணன் வீட்டில் இப்போது மிஞ்சியிருக்கிற பெரியவள் நீதான். நீ சொல். அந்த வீட்டில் நான் போய்ப் படுக்கலாமா, கூடாதா? நீ சொல்வதை வைத்துத்தான் இருக்கிறது.

சலோமே


மொம்பாசா
7 ஜூலை 1996

என் அருமை அண்ணிக்கு,

வணக்கம். அக்கேயோவின் இருமலைக் கேட்டு எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. அவள் நெஞ்சுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடு செய்து தடவுங்கள்.

அண்ணி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். போய்ப் படுங்கள். தயங்க வேண்டாம். இனிமேல் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அது உங்கள் வீடு. இருக்கிற பிள்ளையைப் பாருங்கள். அக்கேயோவுக்காகவாவது போங்கள்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. சில விஷயங்களை நான் சொல்லக்கூடாத இடத்தில் இருக்கிறேன். நீங்கள் புத்திசாலி, புரிந்துகொள்வீர்கள்.

அவிட்டி


மொம்பாசா
11 ஆகஸ்ட் 1996

அண்ணிக்கு,

சுகமா? என் கடிதம் வந்து சேர்ந்ததா? ஒரு மாதம் தாண்டிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் இப்படி இருந்ததே இல்லை. கேன்டீனில் தபால்காரர் வரும்போதெல்லாம் கரண்டியோடு ஓடுகிறேன், அவரே எனக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்.

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதோ? மனசைப் புண்படுத்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் பழகிவிடும் அண்ணி. மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வரி போடுங்கள்.

அவிட்டி


கொகிரா
22 செப்டம்பர் 1996

அன்புள்ள அவிட்டிக்கு,

அக்கேயோவுக்கு இருமல் நின்றுவிட்டது. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

தாமதத்துக்கு நீ மன்னிக்க வேண்டும். உன் ஜூலைக் கடிதத்தைத் தபாலாபீஸ் மரத்தடியில் நின்று படித்தேன். போய்ப் படுங்கள், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், இருக்கிற பிள்ளையைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் செய்தியை வேறு எப்படிச் சொல்வது? நீ சொன்ன விதம்தான் சரி. நேராக எழுதியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். மெல்லச் சொன்னதால் வீடு வரைக்கும் நடந்து வந்துதான் விழுந்தேன்.

ஓபுயாவின் உடலை அனுப்புவாய் என்று காத்திருந்தேன். பஸ் வரும் நாளெல்லாம் ரோட்டில் போய் நின்றேன். பிறகு உன் இரண்டாவது கடிதம் வந்தது. மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய், உடலைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போனேன். "துறைமுகத்துக்குப் போன பையன். கடல் கொண்டுபோயிருக்கும், அதான் அந்தப் பொண்ணு சொல்லத் தயங்குது" என்றார்கள். கடலில் போனவன் என்றால் காத்திருந்து பயனில்லை. ஏரியில் மூழ்கி உடல் கிடைக்காமல் போனவர்களுக்குச் செய்கிற மாதிரியே செய்தோம். உடலுக்குப் பதிலாக யாகோ மரத்துக் காய் ஒன்று, நீளமாக, நல்ல கனமாகப் பறித்து வந்தார்கள். துணி சுற்றினோம். அவன் உயரத்துக்குக் குழி வெட்டினார்கள். அந்தக் காயைத் தூக்கிக் கொடுக்கும்போது, பிறந்த அன்று அவனைத் தூக்கின கனம் மாதிரியே இருந்தது அவிட்டி. நான் மொட்டையடித்துக்கொண்டேன். நீ நேராக எழுதவில்லையே என்று யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை.

அன்று இரவே புது வீட்டுக்குப் போய்விட்டேன். மகன் இருக்கும்போது வாசலோரத்தில் தாய் படுக்க முடியாது. இல்லை என்று ஆன பிறகு படுத்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

வெளிநாட்டுக்காரர்கள் ஆகஸ்ட் கடைசியில் வந்தார்கள். மெத்தை, அடுப்பு, நீலத் துணி எல்லாம் பார்த்தார்கள். சந்தோஷப்பட்டார்கள். நெகேசா அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியில வந்துட்டீங்களே" என்றாள். என் மொட்டைத் தலையைப் பார்த்து, வெயிலுக்காக என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவருகே என்னை நிறுத்திப் போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள். பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். சிரித்தேன். ஒரு படம் இதோடு உனக்கு வைத்திருக்கிறேன்.

அவன் எப்படிப் போனான் என்று கேட்கமாட்டேன். கஷ்டப்பட்டானா என்று மட்டும் எப்போதாவது எழுது.

சலோமே


மொம்பாசா
8 அக்டோபர் 1996

அண்ணி,

ஓபுயா உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். நல்ல சுகத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். தந்தி கொடுத்திருக்கிறேன், அது முன்னால் வந்திருக்கும். தந்தியை நம்பாமல் இருந்தால் இதை நம்புங்கள். கீழே அவன் கையால் தன் பெயரை எழுதியிருக்கிறான். அந்தக் கோணல் எழுத்து உங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றும் தெரியவில்லை.

அவன் மூன்று வருஷமாக இங்கேதான் இருக்கிறான். லாமுவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரப் படகில் வேலை. ஏரிக்கரையில் வளர்ந்தவன், படகுக்காரர்களுக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். மார்ச்சில் வந்தபோது, அம்மாவுக்குப் புது வீடு என்று மட்டும் நான் சொல்ல, உங்கள் ஜன்னலுக்கு நீலம் எடுத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு போனவன் முந்தாநாள்தான் திரும்பினான்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். ஊர்க் கிணற்றடியில் பேசிக்கொண்டார்களாமே, சம்பாதிக்கிற மகன் இருந்தால் நிதிக்காரர்கள் விதவையின் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று. அதைக் கேட்ட வாரமே கிளம்பிவிட்டான். "நான் எங்கே இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா, ஆபீஸ்ல கேட்டதும் சொல்லிடுவா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. தெரியலைன்னா அது பொய்யாகாதுல்ல அத்தை? அக்கேயோ படிச்சு முடிக்கிற வரைக்கும்தான்" என்றான். எனக்கு அது அன்று ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் அவனைக் கேட்டபோது அப்படிப் படவில்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம், அப்போதுதான் கைக்கு வந்து நான் இன்னும் பிரிக்காத கடைசிக் கடிதத்தையும் சேர்த்து, அவன் வந்ததும் கொடுத்தேன். முதல் கடிதத்திலேயே நிறுத்திவிட்டான்.

"வாசலுக்கு இடது பக்கமா கட்டினாங்க? அத்தை, அது என் இடம். மகன் வீடு கட்டுற இடம். மகன் வீட்டுல அம்மா எப்படிப் படுப்பா?"

எனக்கு அப்போதுதான் தெரியும் அண்ணி. அதற்கு முன் தெரியாது. சாந்து வாடை என்று நினைத்தேன். மிச்சக் கடிதங்களையும் கடைசி வரைக்கும் படித்தான். பிறகு ஜூலையில் நான் என்ன எழுதினேன் என்று கேட்டான். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போய்ப் படுங்கன்னு எழுதினியா? அத்தை, நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கே."

கேன்டீனில் எல்லோருக்கும் எதிரில் நான் உட்கார்ந்து அழுதேன். ஒரே ஒரு தடவை, "எனக்குத் தெரியாது அண்ணி, சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். சிரிப்பார்களே என்று பயந்து, தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் உங்கள் தலையை மொட்டையாக்கிவிட்டது. உங்கள் போட்டோவை அவன் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். வெளியே எடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

வர வேண்டும் என்று துடிக்கிறான். ஆனால் பயப்படுகிறான். "எனக்குக் குழி வெட்டி மூடியாச்சு. நான் அந்த வாசல்ல காலை வெச்சா அம்மாவுக்கும் அக்கேயோவுக்கும் ஆகாதுன்னா?" என்கிறான். இதற்கு என்ன முறை என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியாது என்றே எழுதுகிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் காலில் விழும்,
அவிட்டி

அம்மா, நான்தான். ஓபுயா.


கொகிரா
3 நவம்பர் 1996

அன்புள்ள அவிட்டிக்கு,

சுகம். உண்மையாகவே சுகம்.

தந்தி வந்தபோது வயலில் இருந்தேன். தபால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். படித்துச் சொன்னார். நான் நம்பவில்லை, வேறு யாருக்கோ வந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடை வரைக்கும் கேட்டதாம் என் சத்தம், அக்கேயோ சொன்னாள். இரண்டாவது சாவு என்று நினைத்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

உன் மேல் கோபம் இருக்கிறது. மூன்று வருஷம் நான் கேட்டேன், நீ மழையையும் முழங்காலையும் எழுதினாய். அந்தக் கோபத்தைக் கடிதத்தில் எழுதித் தீர்க்க முடியாது, தபால்தலை வீண். நீயும் வா, நேரில் உட்கார வைத்துத் திட்டுகிறேன். அது முடிந்ததும் எங்கே யார் உட்கார வேண்டும், எங்கே யார் படுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தருகிறேன். என் மேலும் எனக்குக் கோபம்தான். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அன்றே கிசுமுவுக்குப் போனேன். நெகேசா அம்மாவிடம், "என் மகன் இருக்கான், சம்பாதிக்கிறான், என் பேரை எடுத்துடுங்க" என்று சொன்னேன். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன், லாரியிலிருந்து. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்படி ஒரு சட்டமே இல்லையேம்மா. நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாத்தான் பேரை எடுப்போம். மகன் சம்பாதிச்சா எங்களுக்குச் சந்தோஷம்தானே. யார் சொன்னது?"

யாரைச் சொல்ல? கிணற்றடியில் எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் ஆபீசில் கேட்கவில்லை. என் பிள்ளை மூன்று வருஷம் இல்லாத சட்டத்துக்குப் பயந்து கடலில் கிடந்திருக்கிறான். அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவள் கேட்டாள், "வீடு கட்டும்போதே இங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று. சொல்லியிருக்கலாம்தான். என் போட்டோ வெளிநாட்டில் அச்சாகிவிட்டதாம், புது வீட்டில் புது மகிழ்ச்சி என்று போட்டிருக்கிறார்களாம். அது கிடக்கட்டும், இனிமேல் உண்மையாகிவிட்டுப் போகட்டும்.

ஊரில் பெரியவர்கள் கூடினார்கள். யாருக்காகக் காய் புதைத்தோமோ அவனே திரும்பி வந்தால் என்ன முறை என்று இவர்களில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி யாரும் திரும்பி வந்ததில்லை. ஒருவர் வெள்ளை ஆடு வெட்ட வேண்டும் என்றார், ஒருவர் கறுப்பு ஆடு என்றார். குழியைத் தோண்ட வேண்டும் என்று ஒருவர், தோண்டவே கூடாது என்று ஒருவர். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று ஒருவர். பானையில் இருந்த கள் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றேன். "முதல் தடவை இவனைப் பெத்தப்போ உங்களைக் கேட்டா பெத்தேன்? இப்பவும் எப்படிக் கொண்டுவரணும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.  ஒருவர் மட்டும், "ஆட்டை மறந்துடாதே" என்றார். அது அவருடைய வயிற்றுக்காக.

அவனிடம் சொல். வாசல் வழியாக வர வேண்டாம், அது போனவன் போன வழி. என் பழைய வீட்டுக்குப் பின்னால் வேலியை நானே வெட்டித் திறந்து வைத்திருக்கிறேன், ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு. பிறந்த பிள்ளை எப்படி முதலில் தாயிடம் வருமோ அப்படி நேராக என்னிடம் வரட்டும். என் கையால் சோளக்களி சாப்பிட்டுவிட்டு, பிறகு தன் வீட்டுக்குப் போகட்டும். அதைப் பெருக்கி, மெத்தையை வெயிலில் காயவைத்து வைத்திருக்கிறேன். நானும் அக்கேயோவும் மண்வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். கூரையை அவன் வந்து வேய்வான்.

என் தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது. பார்த்து அவன் பயப்படப் போகிறான், முன்கூட்டியே சொல்லி வை.

ஒரு தொல்லை மட்டும் இருக்கிறது. வேலியில் திறப்பு இருப்பதால் அயல்வீட்டு ஆடுகள் நுழைந்து சோளத்தில் வாய் வைக்கப் பார்க்கின்றன. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அந்தத் திறப்பிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை. சீக்கிரம் வரச் சொல்.

சலோமே